கிளையிலிருந்து பக்கத்துக்கு: ஜோட்டேரோவும் ஃப்ரீபிளேனும் சேர்ந்த ஓர் ஆய்வு மேசை

"தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்று எழுதியிருக்கிறாய், சரி. அது எந்த ஆண்டில், யாருடைய உத்தரவால் வீட்டுமனைகளானது? அந்த உத்தரவை எந்தப் பக்கத்தில் படித்தாய் அம்மா?" என்று என் நெறியாளர் கேட்டபோது, "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. படித்திருந்தேன் என்பது உறுதி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் படித்தேனா, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் படித்தேனா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் திறந்த பிடிஎப் கோப்பிலா என்பதுதான் தெரியவில்லை. மூன்று நாள் தேடினேன். நூல் விவரம் என் மேற்கோள் மென்பொருளில் ஒழுங்காக இருந்தது. அந்த நூலிலிருந்து எழுந்த வாதம், கருத்துகளைக் கிளைகளாக விரித்து வைக்கும் என் மனவரைபடத்தில் (மைண்ட் மேப்) ஒரு கிளையாக இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி மட்டும் இல்லாமல் இருந்தது.

சென்னையின் ஏரிகள் எப்படி நிலமாயின என்பது என் ஆய்வுப் பொருள். நான்கு ஆண்டுகளில் சுமார் 400 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன: அரசாணைகள், மாவட்டக் கையேடுகள், பழைய நில அளவைப் படங்கள், தமிழ் நூல்கள், இதழ்க் கட்டுரைகள், இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் கிடைத்த பிற பல்கலைக்கழக ஆய்வேடுகள். மேற்கோள்களை நிர்வகிக்கும் ஜோட்டேரோவையும், மனவரைபடம் வரைய உதவும் ஃப்ரீபிளேனையும் ஒன்றோடொன்று பிணைத்து நான் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தக் கூட்டு எனக்கு என்ன தந்தது, தமிழில் ஆய்வு செய்பவர் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

ஜோட்டேரோ 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இருந்த வரலாற்றுத் துறை சார்ந்த மையம் ஒன்றிலிருந்து, பயர்பாக்ஸ் உலவியின் நீட்சியாக வெளிவந்தது. வரலாற்று ஆய்வாளர்களிடையே பிறந்ததாலோ என்னவோ, கையெழுத்துப் படி, வரைபடம், நேர்காணல், செய்தித்தாள் கட்டுரை என்று விதவிதமான சான்றுகளுக்குத் தனித்தனி வடிவங்களை அது வைத்திருக்கிறது. இலவசமானது, திறந்த மூலநிரல் கொண்டது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. 2022இல் வந்த ஆறாம் பதிப்பில் பிடிஎப் வாசிப்பானும், வாசிக்கும்போதே வரிகளுக்கு வண்ணமிட்டுக் குறிப்பெழுதும் வசதியும் உள்ளேயே வந்துவிட்டன. 2024இல் வந்த ஏழாம் பதிப்பு மின்னூல்களையும் சேமித்த இணையப் பக்கங்களையும் அதே வகையில் வாசிக்க வைத்தது. நான் சொல்லப் போகும் பிணைப்புக்கு அடிப்படையே இந்த உள்வாசிப்பான்தான்.

ஃப்ரீபிளேன் அதைவிட எளிய பொருள். ஃப்ரீமைண்ட் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தது. இதுவும் இலவசம், இதுவும் திறந்த மூலநிரல். தோற்றத்தில் அழகு குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் கணுக்கள் (கிளைகளில் ஒவ்வொரு கருத்தும் நிற்கும் புள்ளிகள்) உள்ள வரைபடத்தையும் எட்டு ஆண்டுப் பழைய என் மடிக்கணினியில் தயங்காமல் திறக்கிறது. கோப்பு என் கணினியிலேயே இருக்கிறது. அந்தக் கோப்பும் எந்த உரைத்தொகுப்பானிலும் திறந்து பார்க்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்துக்கு நான் கூடுதல் மதிப்பு தருவதற்கு ஒரு பின்னணி உண்டு. இதற்கு முன் ஓர் இணையவழி மனவரைபடச் சேவைக்குச் சந்தா கட்டியிருந்தேன். சந்தா முடிந்த மாதம் பணம் கட்டத் தவறியபோது, என் வரைபடங்களை நான் பார்க்க மட்டும் முடிந்தது, திருத்த முடியவில்லை. வெளியே எடுக்கலாம் என்றால் படமாக மட்டுமே எடுக்க முடிந்தது. ஓர் அத்தியாயத்தின் முழுக் கட்டமைப்பையும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தேன். அதன் பிறகு, கோப்பு என் கையில் இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த இரண்டையும் ஒரே மென்பொருளாக்கும் முயற்சி முன்பே நடந்திருக்கிறது. ஜெர்மனியின் மாக்டபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரீபிளேனையும் ஜாப்ரெஃப் என்ற மேற்கோள் மேலாளரையும் இணைத்து டாக்இயர் என்றொரு மென்பொருளை உருவாக்கினார்கள். பிடிஎப்பில் நீங்கள் குறித்த வரிகள் தாமாகவே மனவரைபடத்தில் கணுக்களாக வந்து நிற்கும். அவற்றை எடுத்து உரிய கிளையில் வைக்க வேண்டியதுதான் உங்கள் வேலை. எண்ணம் மிகச் சிறந்தது. ஆனால் அதன் வளர்ச்சி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பெயரைக் கேள்விப்பட்டு இன்று அதை நிறுவ நினைப்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் கருத்து. அது செய்த வேலையின் சாரத்தை இரண்டு தனித்தனி மென்பொருள்களை வைத்தே செய்துகொள்ள முடியும்; அவற்றில் ஒன்று நின்றுபோனாலும் மற்றது பிழைத்திருக்கும்.

பிணைப்பு நடக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வது நல்லது. ஜோட்டேரோவில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி உண்டு. அந்தக் குறியை உள்ளடக்கிய, ஜோட்டேரோ என்ற சொல்லோடு தொடங்கும் சுட்டி ஒன்றை எந்த மென்பொருளிலிருந்து சொடுக்கினாலும், ஜோட்டேரோ திறந்து அந்தப் பதிவில் போய் நிற்கும். இன்னும் மேலாக, நீங்கள் மஞ்சள் வண்ணமிட்ட வரிக்கென்றே தனிச் சுட்டி உண்டு. அதைச் சொடுக்கினால் பிடிஎப் திறந்து, அந்தப் பக்கத்தில், அந்த வரியே கண்முன் வந்து நிற்கும். இந்தச் சுட்டியைப் பெற, ஜோட்டேரோ அமைப்புகளில் ஏற்றுமதிப் பகுதிக்குப் போய், குறிப்புகளுக்கான வடிவமாக மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்தைத் தேர்ந்து, ஜோட்டேரோ சுட்டிகளையும் சேர்க்கும்படி அங்குள்ள சிறு கட்டத்தில் குறியிட வேண்டும். பிறகு வாசிப்பானின் பக்கப்பட்டியில் உள்ள குறிப்பை இழுத்து ஓர் எளிய உரைக்கோப்பில் போட்டால், மேற்கோள் வரி, ஆசிரியர், ஆண்டு, பக்க எண், அவற்றோடு சுட்டி என எல்லாம் ஒன்றாக விழும். சுட்டியை மட்டும் நகலெடுத்து, ஃப்ரீபிளேனில் உரிய கணுவைத் தேர்ந்து, கண்ட்ரோல் விசையோடு கே விசையை அழுத்தி, திறக்கும் பெட்டியில் ஒட்ட வேண்டும். கணுவின் அருகே சுட்டி இருப்பதற்கான சிறு அடையாளம் தோன்றும். பழகிய பிறகு ஒரு மேற்கோளுக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.

இப்போது என் வரைபடத்தில் "மாம்பலம்" என்றொரு கிளை இருக்கிறது. அதன் கீழே, மயிலாப்பூர் ஏரி என்று ஆவணங்கள் குறிக்கும் அந்த நீளமான நீர்நிலை மவுண்ட் சாலைக்கு மேற்கே எங்கிருந்து எங்குவரை கிடந்தது என்பது ஒரு கணு. 1920களில் தியாகராய நகர் உருவானபோது அந்த ஏரிக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொரு கணு. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை என்று ஒரு தெரு பெயர் சுமந்து நிற்பது மூன்றாவது. வள்ளுவர் கோட்டம் எழுந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியோடு இதற்குள்ள உறவு நான்காவது. முதல் கணுவைச் சொடுக்கினால் பழைய நில அளவைப் படத்தில் நான் கட்டமிட்டு வைத்த பகுதி திறக்கிறது. ஜோட்டேரோவில் வரிகளுக்கு மட்டுமல்லாமல் படத்தின் ஒரு பகுதிக்கும் கட்டமிட்டுக் குறிப்பெழுத முடியும் என்பதால், எழுத்தே இல்லாத நில அளவைப் படமும் எனக்குப் பக்க எண்ணோடு கூடிய சான்றாகிவிட்டது. இரண்டாவது கணுவைச் சொடுக்கினால் நெறியாளர் கேட்ட அந்தப் பக்கம் வருகிறது. அடுத்த சந்திப்பில் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்து அந்தக் கணுவைச் சொடுக்கிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தை முழுவதும் படித்தார்; படித்துவிட்டு, உத்தரவின் தேதியையும் பணி தொடங்கிய ஆண்டையும் நான் ஒன்றாகக் குழப்பியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பக்கம் கண்முன் இருந்ததால்தான் அந்தத் தவறு அன்றே பிடிபட்டது.

வேகம் ஒரு வசதிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. சுட்டி இருக்கும் கணுவும் சுட்டி இல்லாத கணுவும் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரிவதால், எந்த வாதம் சான்றின் மேல் நிற்கிறது, எது என் அனுமானத்தில் மட்டும் நிற்கிறது என்பதை வரைபடமே சொல்லிவிடுகிறது. சுட்டி இல்லாத கணு ஒவ்வொன்றுக்கும் நான் கேள்விக்குறிச் சின்னம் ஒன்றை இடுகிறேன். ஃப்ரீபிளேனின் வடிகட்டியில் அந்தச் சின்னத்தைத் தேர்ந்தால், சான்று தேட வேண்டிய கணுக்கள் மட்டும் திரையில் நிற்கும். அதுவே அடுத்த நாள் நூலகத்துக்கு எடுத்துப் போகும் பட்டியலாகிவிடும். மூன்றாம் அத்தியாயத்தை முதன்முறை இப்படி வடிகட்டியபோது 63 கணுக்கள் நின்றன. "ஏரிக்கரை உடைக்கப்பட்டது" என்று நான் ஐயமின்றி நம்பியிருந்த ஒரு வாக்கியமும் அவற்றில் இருந்தது. எத்தனையோ கட்டுரைகளில் படித்த வாக்கியம் அது. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சான்று காட்டிக்கொண்டிருந்ததே தவிர, மூல ஆவணத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

தமிழ்ச் சான்றுகளோடு வேலை செய்பவர்கள் சில இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். முதலாவது, பெயர். ஜோட்டேரோ இயல்பாகவே ஆசிரியர் பெயரைக் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்களில் கேட்கிறது. நம் பெயர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. நூலகப் பட்டியலிலிருந்து தானாக இறக்கும் பதிவுகளில் முன்னெழுத்து ஒரு முறை முதல் கட்டத்திலும், தந்தை பெயர் மறுமுறை குடும்பப் பெயராகவும் வந்து விழும். அப்படியே விட்டால் துணைநூற்பட்டியலில் ஒருவரே இரண்டு இடங்களில் இரண்டு ஆளாக நிற்பார். பெயர்க் கட்டத்தின் அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றிக்கொள்ளும் வழி உண்டு. உங்கள் துறை "சாமிநாதையர், உ. வே." என்ற வரிசையைக் கேட்டால் இரண்டு கட்டத்தையும், "உ. வே. சாமிநாதையர்" என்ற வரிசையைக் கேட்டால் ஒற்றைக் கட்டத்தையும் முதல் நாளே முடிவு செய்து கடைசிவரை மாறாமல் பின்பற்றுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் ஒரு முறையும் பதிவான ஆசிரியரை மென்பொருள் ஒருவராக அறியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேற்கோளின் வடிவத்தை வகுக்கும் நடைத்தாள்களில் ஆங்கிலத்துக்கானதைத் தேர்ந்தவர்களுக்குப் பக்கத்தைக் குறிக்கும் "பக்." வராது, ஆங்கிலச் சுருக்கமே வரும், இறுதிப் படியில் அதைக் கையால் திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, ஆண்டு. பழைய பதிப்புகளின் முகப்பில் "விகாரி வருஷம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். வேறு சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். அதிலிருந்து 31ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நான் கணித்த ஆங்கில ஆண்டை ஜோட்டேரோவின் தேதிக் கட்டத்திலும், முகப்பில் உள்ளபடியே உள்ள ஆண்டைக் கூடுதல் தகவல் கட்டத்திலும் எழுதுகிறேன். கணித்த ஆண்டு ஐயத்துக்குரியது என்றால் மனவரைபடத்தில் அந்தக் கணுவுக்கும் கேள்விக்குறி உண்டு.

மூன்றாவதுதான் கடினமானது. யூனிகோடு பரவலாவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த பிடிஎப் கோப்புகள் நம்மிடம் ஏராளம். திரையில் தமிழாகத் தெரியும் வரிக்கு வண்ணமிட்டால், ஜோட்டேரோவின் பக்கப்பட்டியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாக வந்து நிற்கும். ஜோட்டேரோவின் பிழை அன்று அது. கோப்புக்குள் இருப்பதே அதுதான். இப்படிப்பட்ட கோப்புகளில் நான் வரிக்கு வண்ணமிடுவதை நிறுத்திவிட்டேன். தேவையான பத்தியைச் சுற்றிக் கட்டமிட்டுப் படக் குறிப்பாக்குகிறேன்; அதன் அடியில் இரண்டு வரிகளை நானே தட்டச்சு செய்கிறேன். சுட்டி அப்போதும் பிழையின்றி வேலை செய்கிறது. பின்னாளில் தேடும்போது என் தட்டச்சு வரிகள் கைகொடுக்கின்றன. தமிழ் மின்னூலகத்திலிருந்து இறக்கும் ஒளிவருடிய நூல்களுக்கும் இதே முறைதான். எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன; ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்புகளில் உள்ள பழைய ணை, லை, றா வடிவங்களில் அவை அடிக்கடி தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஆகையால் மேற்கோளாக அச்சேறப் போகும் வரியை மூலத்தோடு ஒப்பிடாமல் விடுவதில்லை.

ஃப்ரீபிளேனில் தமிழ் தட்டச்சு செய்வதில் எனக்குத் தடை எதுவும் வரவில்லை. இயல்பான எழுத்துருவை மட்டும் தொடக்கத்திலேயே நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி, அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்வது கண்ணுக்கு நல்லது.

சேமிப்பிடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோட்டேரோ நூல் விவரங்களை எத்தனை ஆயிரம் ஆனாலும் இலவசமாகவே ஒத்திசைக்கிறது. இணைத்த கோப்புகளுக்கு மட்டும் 300 எம்பி வரை இலவசம், 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர், 6 ஜிபிக்கு 60 டாலர். ஒளிவருடிய தமிழ் நூல் ஒன்றே 80 எம்பி, 100 எம்பி என்று வருவதால் இலவச அளவு மூன்று நான்கு நூல்களில் தீர்ந்துவிடும். வெப்டேவ் (இணையவழிக் கோப்புகளைக் கையாளும் ஒரு பொது முறை) வசதி உள்ள வேறு சேமிப்பிடத்தை இணைத்துக்கொள்ள ஜோட்டேரோ அனுமதிக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒத்திசைவு இருக்கும்வரை வீட்டுக் கணினியிலும் துறைக் கணினியிலும் அதே அடையாளக் குறிகளே இருப்பதால், வரைபடக் கோப்பை எடுத்துச் சென்றால் சுட்டிகள் இரண்டு இடத்திலும் திறக்கின்றன.

சுட்டி அறுந்துபோகும் ஒரு வழியை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவை நீக்கிவிட்டு அதே நூலை மறுபடி சேர்த்தால் அதற்குப் புதிய அடையாளக் குறி வந்துவிடும். பழைய குறியை வைத்திருக்கும் கணு வெறுங்கையோடு நிற்கும். நூலகத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரட்டைப் பதிவுகளை நீக்கியதில் நான் 11 சுட்டிகளை இழந்தேன். வரைபடத்தில் இடம்பெற்ற ஒவ்வொரு பதிவுக்கும் ஜோட்டேரோவில் "வரைபடம்" என்ற குறிச்சொல்லை இப்போது இட்டுவிடுகிறேன். அந்தச் சொல் உள்ள பதிவைத் திருத்துவேனே தவிர நீக்க மாட்டேன்.

மற்ற கருவிகளை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. குறிப்புகளை நிறைய எழுதுபவர்களுக்கு அப்சிடியன் நல்ல மாற்று. ஜோட்டேரோ குறிப்புகளை நேராக உள்ளே இழுக்கும் செருகுநிரல்கள் அதற்கு உண்டு, 2022 இறுதியில் வந்த கேன்வாஸ் வசதியில் அட்டைகளைப் பரப்பி வைத்துக் கோடிழுத்துப் பார்க்கலாம். ஆனால் கேன்வாஸில் ஒவ்வோர் அட்டையையும் நாமே நகர்த்தி வைக்க வேண்டும். ஃப்ரீபிளேனில் கிளையை எங்கே இழுத்துப் போட்டாலும் வரைபடம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது, வேண்டாத கிளையை ஒரே விசையில் மடக்கி வைக்கவும் முடிகிறது. 300 கணுக்களைத் தாண்டிய பிறகு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். எக்ஸ்மைண்ட் என்ற மனவரைபட மென்பொருள் பார்வைக்கு மிக அழகானது. கருத்தரங்கில் ஒரே பக்கத்தில் காட்ட வேண்டிய வரைபடத்துக்கு அது போதும்.

இந்தக் கூட்டு செய்யாத ஒன்றும் உண்டு. வரைபடத்திலிருந்து வேர்டு கோப்புக்கு உரையை எடுத்துச் செல்லும்போது மேற்கோள்கள் தாமாக அடிக்குறிப்புகளாக மாறுவதில்லை. கிளைகளை வரிசைப்படுத்தி உரையாக ஏற்றுமதி செய்துவிட்டு, வேர்டில் ஜோட்டேரோவின் கருவிப்பட்டையைக் கொண்டு ஒவ்வொரு மேற்கோளையும் மறுபடி செருக வேண்டும். தொடக்கத்தில் எனக்கு இது இரட்டை வேலையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. செருகும் முன் ஒவ்வொரு சுட்டியையும் சொடுக்கி மூலத்தை இன்னொரு முறை படிக்கிறேன், பக்க எண் தவறுகள் அங்கேதான் அகப்படுகின்றன. ஆயினும் சமர்ப்பிக்கும் தேதி நெருங்கியவர்கள் இதற்கென்று அத்தியாயத்துக்கு இரண்டு நாளாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

நெறியாளரோடு பகிர்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் தனி நூலகத்தின் சுட்டிகள் அவருடைய கணினியில் திறக்காது. ஜோட்டேரோவில் ஒரு குழு நூலகம் தொடங்கி, பதிவுகளை முதலில் அதில் சேர்த்து, குழுவின் சுட்டிகளையே வரைபடத்தில் ஒட்டினால் இருவருக்கும் திறக்கும். குழுக் கோப்புகளுக்கு வெப்டேவ் வழி கிடையாது, ஜோட்டேரோவின் சேமிப்பிடத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். நாங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும் அப்படிச் செய்திருக்கிறோம். போன வாரம் ஐயா அவருடைய வீட்டுக் கணினியிலிருந்தே மாம்பலம் கிளையைத் திறந்து, கேள்விக்குறி இட்டிருந்த 63 கணுக்களில் இன்னும் எஞ்சியிருந்த நான்கில் ஒன்றுக்கு, எழும்பூரில் எந்தத் துறையின் எந்த ஆண்டுத் தொகுதியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கணுவின் குறிப்பிலேயே எழுதி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை காப்பகம் திறந்ததும் அந்தத் தொகுதிக்குத்தான் முதல் சீட்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.